அரை வரி பிந்திய ஆமென்

எங்கள் கோயிலில் ஒரு பாட்டு முடிந்தால் இரண்டு ஆமென் கேட்கும். முதலாவது சபையுடையது. எல்லோரும் சேர்ந்து அதை இழுத்துப் பாடுவார்கள், நான் கீபோர்டில் கடைசிச் சுரங்களைப் பிடித்திருப்பேன், குரல்கள் அடங்கியதும் கையை எடுப்பேன். அதோடு பாட்டு முடிந்தது என்றுதான் மற்றச் சபைகள் எல்லாம் நினைக்கும். எங்கள் சபை அப்படி நினைக்காது. போதகர் ஐயா ஜெபத்தைத் தொடங்க வாயைத் திறப்பார், திறந்தபடியே நிற்பார். முன்வரிசையின் வலது மூலையிலிருந்து ஒரு கனத்த குரல் மீதி அரை வரியை எந்த அவசரமும் இல்லாமல் பாடிக்கொண்டு வரும். அது முடிந்து, ஒரு மூச்சு இழுத்து, தனியாக ஆமென் என்று சொல்லும். அதற்குப் பிறகுதான் ஐயா ஜெபிப்பார். அந்நேரம் துறைமுகத்தில் ஏதாவது கப்பல் சங்கு ஊதினால் அதுவும் சேர்ந்துகொள்ளும். சபையில் ஒருவரோடும் ஒத்துப்போகாத அவருடைய சுருதி அந்தச் சங்கோடு மட்டும் எப்படியோ ஒத்துப்போகும்.

அவரை டக் மாமா என்போம். எனக்கு மாமா முறை இல்லை, சபை முழுவதற்கும் அவர் மாமா. திருகோணமலைத் துறைமுகத்துக்குள் பெரிய கப்பல்களைக் கயிறு கட்டி இழுத்து இறங்குதுறைக்குக் கொண்டுவந்து சேர்க்கும் இழுவைப்படகுகளை நாங்கள் டக் என்றுதான் சொல்வோம். அப்படியொரு படகின் இயந்திர அறையில் வேலைசெய்து ஓய்வு பெற்றவர் அவர். ஓய்வூதியத்தை அரசாங்கம் கொடுத்தது, காதுகளை இயந்திரம் வைத்துக்கொண்டது. கொழும்பிலிருக்கும் மகள் ஒரு காதுக் கருவி வாங்கி அனுப்பியிருந்தாள். அதைக் கோயிலுக்குப் போகும்போது கொண்டுபோக வேண்டிய ஒரு பொருளாக மட்டும் அவர் எடுத்துக்கொண்டார். ஸ்திரிக்கை போட்ட வெள்ளைச் சட்டையின் பைக்குள் அதை ஒழுங்காக வைத்துக்கொண்டு வருவார். பைக்குள் கிடந்து அது கீச்சென்று விசிலடிக்கும். எங்கள் பேஸ் கிற்றார்காரர் சாம்பல்தீவில் மீன்பிடிப்பவர், பொறுமைசாலி. அந்த விசில் ஒலிபெருக்கியிலிருந்து வருகிறது என்று நம்பி மாதக்கணக்காக வயர்களை மாற்றிக்கொண்டிருந்தார்.

காது கேளாத மனிதர் பாடாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவருக்குப் பாட்டென்றால் உயிர். மற்றவர்களின் வாயைப் பார்த்து எந்த வரி போகிறது என்று கண்டுபிடித்துப் பாடுவார். முன்வரிசையில் இருப்பவருக்கு மற்றவர்களின் வாய் தெரிய வேண்டுமென்றால் திரும்பித்தானே நிற்க வேண்டும். ஆகவே பீடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சபையைப் பார்த்தபடி பாடுவார். பார்த்து, கண்டுபிடித்து, மூச்சு எடுத்துத் தொடங்கும்போது சபை அரை வரி முன்னால் போயிருக்கும். புதிதாக வருகிறவர்கள் அவரைப் பாடகர் குழுத் தலைவர் என்று நினைத்து அவரைப் பின்பற்றுவார்கள், அவர்களும் அரை வரி பிந்துவார்கள். ஒருமுறை மூதூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வான் வண்டி நிறைய விருந்தினர் வந்த ஞாயிற்றுக்கிழமை சபை இரண்டாகப் பிரிந்து பாடியது. எந்தப் பாதியோடு போவது என்று தெரியாமல் நான் நடுவில் நின்று வாசித்தேன். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள், கீபோர்டுக்கும் அப்படித்தான்.

அவரை எனக்குப் பிடிக்காது என்று சொல்ல முடியாது. ஆனால் சனிக்கிழமை முழுவதும் பயிற்சி செய்து, கடைசிச் சரணத்தில் மெல்ல மெல்ல இறங்கி, சபையே மூச்சைப் பிடித்து நிற்கிற இடத்தில் அந்தக் குரல் வந்து ஏறும்போது பல்லைக் கடித்திருக்கிறேன்.

அந்த நேரம் எனக்கு நாற்பது தாண்டியிருந்தது. கிழமை நாட்களில் பிரதேச செயலகத்தில் காணிப் பிரிவில் வேலை. வேலி தள்ளிப்போட்டவரும் தள்ளிப்போடப்பட்டவரும் என் மேசைக்கு முன்னால்தான் சண்டை பிடிப்பார்கள். சனிக்கிழமை பயிற்சி. ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனை, பின்னேரம் வாலிபர் கூட்டம். இடையில் கல்யாணம், செத்த வீடு, ஒரு வயதுப் பிறந்தநாள், புதுக் கடைத் திறப்பு. ஐப்பசி பிறந்தால் கிறிஸ்து பிறப்புக்கான நத்தார்ப் பாட்டுப் பயிற்சி தொடங்கும், தை பிறந்தாலும் சிலருக்கு முடியாது. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்கள். கோயில்தான் வேறு, ஆண்டி நானேதான். நன்றாக வாசித்தால் மகிமை எல்லாம் ஆண்டவருக்கு என்று ஆராதனை முடிவில் சொல்லுவார்கள். பிழையாக வாசித்தால் அந்த மகிமையை மட்டும் எனக்கே விட்டுவிடுவார்கள். சத்தம் கூட என்று ஒருவர், காணாது என்று அவருடைய மனைவி. இரண்டு பேரும் ஒரே வாங்குப் பலகையில்தான் இருப்பார்கள்.

குறை சொல்வதை எல்லாம் தாங்கலாம். கோயிலில் தொண்டு செய்யும் எவருக்கும் அது சம்பளத்தோடு சேர்ந்தது, சம்பளம் இல்லை என்பது வேறு கதை. என்னைப் பயப்படுத்தியது இன்னொன்று. ஜெபம் நடக்கும்போது மெல்லிய இசை வேண்டுமென்று எங்கள் ஐயாவுக்கு விருப்பம். எல்லோரும் கண்ணை மூடியிருப்பார்கள். நான் மட்டும் ஐயாவின் கை எப்போது இறங்கும், எப்போது நிறுத்தலாம் என்று கண்ணை முழித்துப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு நாள் வீட்டில், மகனுக்குக் காய்ச்சல் என்று படுக்கையருகே முழங்காலில் நின்றேன். ஒரு வார்த்தையும் வரவில்லை. விரல்கள் மட்டும் கட்டில் விளிம்பில் சுரம் தேடின. ஜெபிக்கிறவர்களுக்குப் பின்னால் இருந்து வாசித்து வாசித்து ஜெபிக்கவே மறந்து போனேன் என்று எனக்கு அன்றைக்கு விளங்கியது. வாசிப்பதை விட்டால்தான் மிச்சமிருக்கும் விசுவாசமாவது தப்பும் என்று நினைத்தேன். அதை நினைக்கவே அழுகை வந்தது, ஏனென்றால் வாசிக்காத என்னை எனக்குத் தெரியாது.

போதகர் ஐயாவிடம் போய்ச் சொன்னேன். நல்ல மனிதர், ஆனால் எந்த நோய்க்கும் கூட்டம் வைப்பதே மருந்து என்று நம்புகிறவர். "ஆண்டவர் குடுத்த தாலந்தை மண்ணுக்குள்ள புதைக்கக் கூடாது தங்கச்சி" என்றார் முதலில். பிறகு என் முகத்தைப் பார்த்து, "உங்களுக்கு மட்டும் இல்லை, எல்லா மியூசிக் ஆக்களுக்கும் ஒரு ஊக்கம் தேவை. நான் ஒழுங்கு செய்யிறன்" என்றார். அப்படி வந்ததுதான் சோர்ந்துபோன இசை ஊழியர்களுக்கான எழுப்புதல் நாள். கொழும்பிலிருந்து பெயர்பெற்ற பேச்சாளர் ஒருவர் வந்தார். முதல் நாளே பதாகை கட்டியாயிற்று. கட்டியது நாங்கள்தான்.

சோர்ந்துபோன இசை ஊழியர்கள் விடியற்காலையிலேயே வந்துவிட்டோம். கதிரைகளை அடுக்கினோம், பெட்டிகளைத் தூக்கினோம், வயர்களை ஒட்டினோம். ஆரம்பப் பாடல்களுக்கு வாசித்தோம். பேச்சாளர் மேடையேறியதும் இறங்கிப்போய் இருக்கலாம் என்று நினைத்து நான் எழும்பினேன். அவர் மிக அன்பாகத் திரும்பி, "சிஸ்டர், நான் பேசும்போது பின்னால் மெதுவாக வாசித்துக்கொண்டே இருங்கள். அப்போதுதான் எனக்கு வார்த்தை வரும்" என்றார். நான் இருந்தேன். அவருக்கு வார்த்தை வந்தது, வந்துகொண்டே இருந்தது. நடுவில் கரண்ட் போனது. பேஸ் கிற்றார்காரர் வெளியே ஓடி ஜெனரேட்டரைக் கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்துவிட்டு, தோளில் எண்ணெய்க் கறையோடு வந்து கிற்றாரை மாட்டிக்கொண்டார். ட்ரம்ஸ் அடிப்பவரைப் பாதிப் பேச்சில் தண்ணீர்ப் போத்தல் எடுத்துவர அனுப்பினார்கள். எங்களுக்காக வைத்த கூட்டத்தில் எங்களைத் தவிர எல்லோரும் பேச்சைக் கேட்டார்கள். அவர் என்ன பேசினார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எந்தச் சுருதியில் பேசினார் என்று கேட்டால் சொல்வேன்.

மண்டபம் நிறைந்திருந்தது. வந்தவர்களில் பலர் ஒரு வாத்தியத்தையும் தொட்டறியாதவர்கள். மத்தியானச் சாப்பாடு உண்டு என்று அறிவித்திருந்ததால் இசையார்வம் ஊரில் திடீரென்று பெருகியிருந்தது. டக் மாமா முன்வரிசை வலது மூலையில் தன் இடத்தில் இருந்தார், சட்டைப்பை விசிலடித்தது. சாப்பாட்டுப் பார்சல்களை வாசலோரம் பெட்டிகளில் அடுக்கியிருந்தார்கள். எங்கள் ஊரில் மான்கள் நாய்களைப்போல வீதியில் திரிபவை. இரண்டு மான்கள் மணம் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றன. பேச்சை நெடுநேரம் அசையாமல் கேட்டவை அவைதான்.

உச்சக்கட்டம் வந்தது. பேச்சாளர் குரலைத் தாழ்த்தி, கண்களை மூடி, "இங்கே சோர்ந்துபோய் இருப்பவர்கள், இனி என்னால் முடியாது என்று இருப்பவர்கள், வலது கையை உயர்த்துங்கள்" என்றார். மண்டபம் முழுவதும் கைகள் எழும்பின. பெரியவர்கள், பிள்ளைகள், சமையலுக்கு வந்த அக்காமார், எல்லோரும் உயர்த்தினார்கள். சோர்வில்லாத மனிதர் யார். உயராத கைகள் எங்களுடையவை மட்டும்தான். என் இரண்டு கைகளும் கீபோர்டில் இருந்தன. பேஸ் கிற்றார்காரருக்கும் ட்ரம்ஸ் அடிப்பவருக்கும் அதே நிலைமை. அழைப்பு நேரத்தில் இசை நின்றால் அழைப்பே நின்றுவிடும் என்று எங்களுக்குப் பழக்கியிருந்தார்கள். "இன்னும் ஒருவர் இருக்கிறார்" என்றார் பேச்சாளர், கண்ணைத் திறக்காமல். "இன்னும் யாரோ ஒருவர் கையை உயர்த்தவில்லை." அப்படிப்பட்ட பேச்சாளர்கள் எல்லாக் கூட்டத்திலும் இதைச் சொல்வார்கள், எனக்குத் தெரியும். ஆனாலும் அன்றைக்கு அது எனக்கே சொன்னதுபோல இருந்தது. அவருக்கு ஒரு முழத் தூரத்தில் இருந்துகொண்டு, அவர் தேடுகிற ஆளுக்காக நான் அழகான பின்னணி வாசித்துக்கொண்டிருந்தேன்.

டக் மாமா அந்நேரம் வழக்கம்போலத் திரும்பிச் சபையைப் பார்த்தார். எல்லோர் கையும் மேலே இருந்தது. தானும் உயர்த்தினார். பிறகு மண்டபத்தைச் சுற்றிப் பார்த்துக்கொண்டே வந்து என்னில் கண்ணை நிறுத்தினார். முகம் சுருங்கியது. எழுந்தார். உயர்த்திய கையை இறக்காமலே நேராக நடந்து மேடைக்கு ஏறி வந்தார். மற்றக் கையால் என் வலது மணிக்கட்டைப் பிடித்துக் கீபோர்டிலிருந்து தூக்கி, குத்துச்சண்டையில் வென்றவனுக்குச் செய்வதுபோல மேலே உயர்த்திப் பிடித்தார். என் இடது கை மட்டும் கீழே ஒரே சுரத்தில் நின்று முனகிக்கொண்டிருந்தது. "இந்தப் பிள்ளையை விட்டிட்டியள்" என்றார். இயந்திர அறைக் குரல் அது, ஒலிவாங்கி தேவையில்லை.

பேச்சாளர் அன்றைக்கு முதல்தடவையாகக் கண்ணை முழுதாகத் திறந்தார். நான் இடது கையையும் எடுத்துவிட்டேன். இசை நின்றது, ஆனால் நாங்கள் பயந்ததுபோல ஒன்றும் இடிந்து விழவில்லை. நான் அழத் தொடங்கினேன். அடக்கமாக, கைக்குட்டையால் ஒற்றியெடுக்கிற அழுகை இல்லை. மூக்கு ஒழுகுகிற அழுகை. ஐயா ஓடிவந்தார், பெண்கள் வந்து தோளில் கைவைத்து ஜெபித்தார்கள். பேஸ் கிற்றார்காரரும் கிற்றாரைக் கழற்றி வைத்துவிட்டுக் கையை உயர்த்திக்கொண்டு நின்றார். எனக்காக யாரோ ஜெபிக்க, நான் அதற்கு வாசிக்காமல் இருந்தது அதுதான் முதல்தடவை. இவ்வளவுக்கும் மாமா என் கையை இறக்கவேயில்லை. யாராவது அதைக் கவனித்துக் குறித்துக்கொள்ள வேண்டும் என்பதுபோல மண்டபத்தின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மத்தியானம் முற்றத்து வேப்பமர நிழலில் வீங்கிய முகத்தோடு இருந்தேன். மாமா இரண்டு பார்சல்களோடு வந்தார், ஒன்றை என் மடியில் வைத்தார். "மாமா, நான் இவ்வளவு களைச்சுப் போனன் எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரிஞ்சது?" என்று அவர் காதருகே போய்க் கேட்டேன்.

"என்ன தெரிஞ்சது?"

"நான் சோர்ந்து போனது. அதுக்குத்தானே கையைத் தூக்கினீங்கள்?"

அவர் என்னைப் புதினமாகப் பார்த்தார். "பார்சலுக்கு ஆள் எண்ணுகினம் எண்டெல்லோ நான் நினைச்சன். எல்லாரும் கையைத் தூக்கினவை. நீ மட்டும் வாசிச்சுக்கொண்டு இருந்தனி. போன கூட்டத்திலயும் உனக்குச் சாப்பாடு இல்லாமப் போச்சு. எல்லாரும் சாப்பிட்டு முடிய நீ வெறுங்கையோட நிண்டு வயர் சுத்தினனி. பார்த்தனான்." பிறகு பார்சலைப் பிரித்துக்கொண்டே கேட்டார். "அது சரி, சாப்பாட்டுக்கு ஏன் பிள்ளை அப்பிடி அழுதனி?"

நான் சிரித்தேன். அழுகை வந்த அதே இடத்திலிருந்து சிரிப்பு வந்தது, நிறுத்த முடியவில்லை. சோறு புரைக்கேறி, அவர் என் முதுகில் தட்டி, அந்தத் தட்டலில் பார்சல் சரிந்து, சூரை மீன் துண்டு ஒன்று மண்ணில் விழுந்தது. எத்தனையோ பேர் என் வாசிப்பைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். நான் சாப்பிடவில்லை என்று பார்த்தவர் அந்த ஒருவர்தான். பாட்டில் ஒரு சுரம்கூடக் கேளாதவர் அவர். அந்த மனிதரிடம் மறைக்க எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. மெல்லிய குரலில், ரகசியமாக, "மாமா, நான் வாசிக்கிறதை விடப் போறன்" என்றேன்.

"என்ன?"

"வாசிக்கிறதை விடப் போறன்."

"மீனோ? என்ர துண்டை எடு."

"நான் இனிக் கோயிலில வாசிக்க மாட்டன். என்னால ஏலாது." மூன்றாம் தடவை கத்தித்தான் சொன்னேன், வேறு வழியில்லை. முற்றம் முழுவதும் கேட்டது. ஐயாவின் கை வாய்க்குப் போகும் வழியில் நின்றது. பேச்சாளர் தயிர்ச் சட்டியோடு திரும்பிப் பார்த்தார். மான்கள்கூடத் தலையைத் தூக்கின. டக் மாமாவிடம் ரகசியம் சொன்னால் இப்படித்தான் ஆகும் என்று எனக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும்.

அவர் ஒருவர் மட்டும் பதறவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே, "களைச்சால் ஏன் விடுறாய்? மாறிப் போய்ப் படு" என்றார். டக்கில் வேலையை முறைபோட்டுச் செய்வார்கள், அந்த முறையை அவர் வோட்ச் என்பார். "ஒருத்தன் ரெண்டு வோட்ச் சேர்த்து நிண்டால் கப்பலையும் இடிப்பான், இறங்குதுறையையும் இடிப்பான். அதுக்காக வேலையை விடச் சொல்லுறேல்லை. மேல போய்ப் படுக்கச் சொல்லுவினம்."

"மாற ஆர் இருக்கினம் மாமா?" இதையும் கத்தினேன்.

"நான் இருக்கிறன்" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள், நானும்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனபோது மாமா என் கீபோர்டுக்கு முன்னால் என் கதிரையில் இருந்தார். வெள்ளைச் சட்டை, பையில் விசில், முழங்காலில் இரண்டு கைகளும். "எழும்புங்கோ மாமா, நேரமாச்சு" என்றேன். "ஏலாது. இண்டைக்கு என்ர வோட்ச்" என்றார். ஐயா வந்து கைகூப்பினார். அவரும் கைகூப்பினார். ஆராதனை தொடங்கும் நேரத்தில் டக் மாமாவோடு வாதாடினால் அந்த வாதம் இறங்குதுறை வரை கேட்கும் என்று ஐயாவுக்குத் தெரியும். ஒலிவாங்கியில், "இன்று இசைக்கருவிகள் இல்லாமல் பாடி ஆண்டவரைத் துதிப்போம்" என்று, நீண்டகாலம் ஜெபித்து எடுத்த முடிவுபோல அறிவித்தார். ட்ரம்ஸ் அடிப்பவரும் பேஸ் கிற்றார்காரரும் கடைசி வாங்குக்குப் போன வேகத்தை அதற்கு முன் நான் அவர்களிடம் கண்டதில்லை. எனக்கு மாமாவின் இடம்தான் மிச்சம் இருந்தது, ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பக்கத்தில். அதிர்வையாவது உணரத்தான் பாவம் அங்கே இருக்கிறார் என்று நான் வெகுகாலமாக நினைத்திருந்தேன். இருந்து பார்த்தேன். கோயிலில் ஒழுங்காகச் சுற்றுகிற ஒரே மின்விசிறி அந்த இடத்துக்கு நேர் மேலே இருந்தது.

பாட்டு என்னவாயிற்று என்று விபரமாகச் சொன்னால் சபைக்கு அழகில்லை. ஆளுக்கொரு சுருதியில் தொடங்கினார்கள், முதல் சரணத்தின் நடுவில்தான் ஒன்று சேர்ந்தார்கள். மாமா என் கதிரையிலிருந்து எல்லோருடைய வாயையும் வசதியாகப் பார்த்துக்கொண்டு, வழக்கமான அரை வரி பின்னால், மகிழ்ச்சியாகப் பாடினார். கீபோர்டைத் தொடவில்லை. ஆனால் பாட்டின் உற்சாகத்தில் அவர் முழங்கை எங்கேயோ பட்டது. முதல் நாள் ஒரு கல்யாண வீட்டுக்காக நான் போட்டு வைத்திருந்த பைலாத் தாளம் தொடங்கியது. அவருக்கு அது கேட்கவில்லை, ஆகவே நிறுத்தவுமில்லை. மெதுவாகப் பாட வேண்டிய பக்திப் பாட்டு இடுப்பை அசைக்கிற வேகத்தில் போனது. முதியோர் வரிசையில் ஒரு ஆச்சி கை தட்டத் தொடங்கினார். நான் நிறுத்துவதற்குப் பாதி எழுந்தேன். பிறகு இருந்துவிட்டேன். அது என் வோட்ச் இல்லை.

இரண்டாம் சரணம் வந்தபோதுதான் ஒன்று தெரிந்தது. எனக்கு அந்தச் சரணம் தெரியாது. சின்ன வயதிலிருந்து நான் வாசித்துவரும் பாட்டு. எங்கே சுரம் மாறும், எங்கே சபை இழுக்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். வார்த்தை தெரியாது. பக்கத்தில் இருந்த ஒரு அம்மாவிடம் பாட்டுப் புத்தகத்தைக் கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன். கணக்கு வாத்தியாரே வாய்ப்பாட்டுப் புத்தகம் கேட்டால் அப்படித்தான் பார்ப்பார்கள். புத்தகத்தில் விரலை வைத்து, எழுத்துக் கூட்டுகிற பிள்ளையைப்போலப் படித்துப் பாடினேன். கையில் ஒன்றுமில்லாமல் வந்து நிற்கும் ஒருவன் பாடுகிற பாட்டு அது. இத்தனை காலமும் இரண்டு கை நிறையச் சுரங்களை வைத்துக்கொண்டு அதை வாசித்திருக்கிறேன்.

பாட்டு முடிந்தது. சபை ஆமென் பாடியது, என் வாயும் அதோடு சேர்ந்து சொன்னது. சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. நான் எத்தனையோ ஆமென் வாசித்திருக்கிறேன், சொன்னதில்லை. மகனின் கட்டிலருகே வராத ஜெபம் அந்த ஒற்றைச் சொல்லில் வந்திருந்தது. சற்றுக் கழித்து என் கதிரையிலிருந்து மாமாவின் ஆமென் வந்தது, பைலாத் தாளத்தோடு.

அதற்குப் பிறகு மாதத்தில் ஒரு ஞாயிறு வெறும் குரலால் பாடுவதென்று வழக்கமாயிற்று. வாலிபர்கள் அதை மாமா ஞாயிறு என்றார்கள். அன்றைக்கெல்லாம், "மியூசிக் இல்லாமக் கோயில் கோயில் மாதிரியே இல்லை" என்று பலர் குறைப்பட்டார்கள். எங்கள் இசையைப் பற்றிச் சபையில் நான் கேட்ட முதல் நல்ல வார்த்தை அதுதான். நான் விடவில்லை. களைப்புத் தீர்ந்துவிட்டது என்று சொன்னால் அது பொய். காணிப் பிரிவில் வேலிகள் இன்னும் நகர்கின்றன, ஐப்பசியில் நத்தார் இன்னும் தொடங்குகிறது. விடவேண்டும் என்று தோன்றுகிற கிழமைகள் இப்போதும் வரும். அந்த நேரம் மாமா ஞாயிறு எப்போது என்று பார்ப்பேன். நான் எழும்பினாலும் பாட்டு நடக்கும், கோணலாக நடக்கும், ஆண்டவர் அதையும் கேட்டுக்கொள்வார் என்று தெரிந்த பிறகு கதிரையில் இருப்பது இலேசாகிவிட்டது.

டக் மாமா ஒரு மாரி காலத்தில் போய்ச் சேர்ந்தார். அடக்க ஆராதனைக்கு நான்தான் வாசித்தேன். மழை ஓட்டில் கொட்டிக்கொண்டிருந்தது. கடைசிப் பாட்டைச் சபை பாடி ஆமென் சொல்லி முடித்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் முடித்தார்கள். என் வாழ்நாளில் எங்கள் கோயிலில் ஒரு பாட்டு அவ்வளவு சரியாக முடிந்து நான் கேட்டதில்லை, அது எனக்குத் தாங்கவில்லை. ஐயா வாயைத் திறந்தபடி, பழக்கத்தில், காத்துக்கொண்டு நின்றார். சபையும் நின்றது. ஒருவரும் முன்வரிசை மூலையைப் பார்க்கவில்லை. நான் கீபோர்டிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்தேன். ஆமென் என்றேன்.

ஐயா மாற்றலாகிப் போய்விட்டார். மட்டக்களப்புப் பக்கத்திலிருந்து புதிய போதகர் ஒருவர் வந்திருக்கிறார், இளையவர், எதையும் ஒழுங்காகச் செய்ய விரும்புகிறவர். முதல் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் புத்தகத்தோடு என்னிடம் வந்தார். "அக்கா, பாட்டு முடிய நீங்கள் தனியச் சொல்லுற அந்த ரெண்டாவது ஆமென், அது எந்தப் பக்கத்தில இருக்கு? நான் தேடிப் பார்த்தனான், காணேல்லை" என்றார். "அது புத்தகத்தில இல்லை ஐயா. இஞ்ச துறைமுகத்து வழக்கம்" என்றேன். அவர் தலையாட்டிக்கொண்டு போனார். இப்போது அவரும் காத்திருக்கிறார். பாட்டு முடியும், சபை ஆமென் சொல்லும், நான் அதை வாசிப்பேன். வாசிக்கிறவளுக்குக் கை ஓய்வது அதற்குப் பிறகுதான். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, அரை வரி பிந்தி, என்னுடையதைச் சொல்கிறேன்.